பறக்கும் மோட்டர் பிறந்த கதை

மின்சாரத்தால் பறக்க மனிதனுக்கு வழிகாட்டியது பொம்மை விமானம்தான். 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஹைனோ பிரிட்ச்கா என்ற விமானி ஒரு சிறு விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். அதில் பெட்ரோல் கிடையாது. நிக்கல்-காட்மியம் பாட்டரிகளும் பாஷ் கம்பெனியின் மின் மோட்டர் ஒன்றும் இருந்தன. பத்து நிமிடம் போலப் பறந்துவிட்டுப் பத்திரமாக இறங்கினார். ஆளைச் சுமந்துகொண்டு பாட்டரியின் பலத்தில் மட்டும் எழும்பிய முதல் இறக்கை விமானம் அது. எம்.பி.-இ1 என்று பெயர். அந்தப் பெயரில் முதலில் நிற்பவர் ஃபிரெட் மிலிட்கி. அவர் வேலை பார்த்தது ஜெர்மனியில் கிராவ்ப்னர் என்ற மாதிரி விமானக் கம்பெனியில். பிள்ளைகளும் பெரியவர்களும் வீட்டு மேசையில் ஒட்டி, வயலில் பறக்கவிடும் சின்ன விமானங்களை வரைந்து கொடுப்பதே அவர் தொழில். அந்த வேலையில் 15 வருடத்துக்கு மேல் கற்றதை வைத்துத்தான் அவர் ஒரு மனிதனை மேலே அனுப்பினார்.

அந்தச் சின்ன விமானத்தின் பேரப்பிள்ளைகள் இன்று பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி வயலிலும் பறக்கின்றன. இரண்டாம் போகம் அறுத்து, வைக்கோல் ஏற்றிப்போன பிறகு வயல் காலியாகக் கிடக்கும். தாள் அடி குத்தினாலும் விழுந்த விமானத்துக்கு அதைவிட நல்ல மெத்தை கிடைக்காது. வரப்போரப் பனையையும் தென்னையையும் விட்டு விலகி நின்றால் போதும், வானம் முழுக்க நமக்குத்தான். ஃபோம் பலகை, ஹாட் க்ளூ, ஒரு சிறு மோட்டர், ஒரு லைப்போ பாட்டரி, கையில் ரிமோட். ஒரு காலத்தில் கம்பெனிகளால் மட்டும் முடிந்த காரியம் இன்று பிளஸ் டூ படிக்கும் பையனின் கைக்கு வந்திருக்கிறது. வந்த வழியைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அதைச் சொல்ல நல்லேப்பிள்ளியைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாகவும் தோன்றவில்லை. இது மோட்டரை நன்றாகத் தெரிந்த ஊர்.

இங்கே மோட்டர் என்றால் கிணற்றடி மோட்டர். சித்தூர்ப்புழையின் தண்ணீரும் வாய்க்காலும் கைவிட்ட நாளில் தென்னையைக் காப்பது அதுதான். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர் வந்துவிடும். பம்பு செட் அங்கிருந்து வரும். 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்ததும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டர் செய்ததும் இந்தப் பக்கத்து விவசாயத்தையே மாற்றிய சங்கதிகள். ஓல்டேஜ் குறைந்து ஓடி, சூடேறி, வார்னிஷ் கருகும் வாசனை வந்தால் “காயில் போச்சு” என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். வைண்டிங் கடைக்காரர் எரிந்த செம்பை உருவிப் போட்டு, எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எண்ணிக் குறித்து, புதிதாகக் கட்டித் தருவார். பறக்கும் மோட்டரின் கதையில் இந்தச் சுற்று எண்ணும் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் எடைக் கணக்கு. 3 குதிரைத் திறன் மோனோபிளாக் பம்பைக் கிணற்றுக்குள் இறக்க இரண்டு பேராவது வேண்டும். எல்லாம் இரும்பும் செம்பும். அது தரையில் போல்ட் போட்டு நிற்கப் பிறந்தது, எடையைப் பற்றிக் கவலைப்பட அதற்குத் தேவையில்லை. பறப்பதற்கோ எடைதான் முதல் எதிரி. மோட்டர் கனம், அதற்குச் சோறு போடும் பாட்டரி அதைவிடக் கனம். மின்சாரத்தில் பறக்க நினைத்த எல்லோரும் நூறு வருடம் முட்டிக்கொண்டது இந்த ஒரே சுவரில்தான்.

1883 அக்டோபர் 8இல் பிரான்சில் திசாந்தியே சகோதரர்கள், வாயு நிரப்பிய வான்கப்பலில் சீமென்ஸ் மோட்டர் ஒன்றைக் கட்டிப் பறந்தார்கள். அதன் திறன் ஒன்றரைக் குதிரை. அடுத்த வருடம் ஆகஸ்ட் 9இல் ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் ‘லா ஃபிரான்ஸ்’ வான்கப்பலை மின்சாரத்தால் ஓட்டி, 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்திலேயே வந்து இறக்கினார்கள். பாட்டரியின் கனத்தை அங்கே வாயு சுமந்தது. இறக்கை வைத்த விமானத்துக்கு அந்த உதவி இல்லை. அதற்குள் பெட்ரோல் எஞ்சின் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோலில் அடைந்திருக்கும் சக்தி 12,000 வாட்-மணிக்கு மேல். ஒரு கிலோ ஈய பாட்டரியில் 30, 40. எஞ்சின் பெருமளவைச் சூடாக வீணாக்கினாலும் இந்த வித்தியாசத்தை யாரால் எட்டிப் பிடிக்க முடியும்? மின்சாரத்தைத் தூக்கிப் பரணில் போட்டார்கள்.

மாதிரி விமானங்களும் எஞ்சினின் பின்னால் போயின. 1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரில் ஒரு மாதிரியை 11 நொடி பறக்கவிட்டதிலிருந்து, பெரிய விமானத்துக்கு எப்போதும் சின்னதுதான் வழி காட்டியது. ரேடியோவால் தூரத்திலிருந்து ஒரு பொருளைத் திருப்பலாம் என்று நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை வைத்துக் காட்டினார். அமெரிக்காவின் கலமசூ ஊரைச் சேர்ந்த இரட்டையர்கள் வால்ட்டர் குட், வில்லியம் குட். அவர்கள் 1937இல் தாங்களே கட்டிய ரேடியோவை வைத்து ‘கஃப்’ என்ற எஞ்சின் மாதிரியைப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரேடியோ வந்தது, இறக்கை இருந்தது. மின்சாரம் மட்டும் தரையைவிட்டு எழவில்லை.

எழுந்த நாள் 1957 ஜூன் 30. இங்கிலாந்தில் கர்னல் எச்.ஜே. டாப்லின் ‘ரேடியோ குயீன்’ என்ற மாதிரியில் நிலைக்காந்த மோட்டரும் வெள்ளி-துத்தநாக பாட்டரியும் வைத்து, ரேடியோவில் திருப்பி, பறக்கவைத்தார். முறையாகப் பதிவான முதல் மின் ரேடியோ பறத்தல் அதுதான். நாம் இன்று வயலில் தூக்கி எறியும் விமானத்துக்குப் பிறந்த நாள் கொண்டாடுவதாக இருந்தால் அந்தத் தேதியில்தான் கொண்டாட வேண்டும். ஆனால் வெள்ளி-துத்தநாக பாட்டரி சாமானியர் வாங்கும் சரக்கில்லை. சில தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினாலே ஓய்ந்துபோகும். டாப்லின் அந்த வழியில் மேலே போகவில்லை.

அதே 1957இன் இலையுதிர் காலத்தில் ஜெர்மனியில் மிலிட்கியும் முயன்றார். அவர் அப்போது எடுத்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பெருகுகிறது. ரேடியோவை விட்டுவிட்டார். திருப்பவே வேண்டாம், தானாகப் போய்த் தானாக இறங்கட்டும், முதலில் மின்சாரத்தில் பறந்தால் போதும் என்று சிறிதாகத் தொடங்கினார். அதற்கேற்ற மோட்டர் அவருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. ஃபிரிட்ஸ் ஃபவுல்ஹாபர் என்ற பொறியாளர் சுழலும் பாகத்தில் இரும்பே இல்லாத மோட்டர் ஒன்றைச் செய்திருந்தார். சாதாரண மோட்டரில் கம்பியை இரும்பின் மேல்தான் சுற்றுவார்கள். ஃபவுல்ஹாபர், கூடை முடைவதுபோல் கம்பியையே சாய்வாகப் பின்னி, அது தானே நிற்கும் குழலாக்கிவிட்டார். எடை போயிற்று, இரும்பில் வீணாகும் சக்தியும் மிச்சம். அதை வைத்து 1960இல் கிராவ்ப்னர் ‘சைலென்டியஸ்’ என்ற மாதிரியைக் கடைக்கு அனுப்பியது. காசு கொடுத்து யாரும் வாங்கிக் கட்டக்கூடிய முதல் மின் மாதிரி விமானம் அது.

ரேடியோவோடு சேர்ந்த மின் கிளைடர் ‘ஹை-ஃப்ளை’ அதே கம்பெனியிலிருந்து வர 1972 ஆயிற்று. அடுத்த வருடம்தான் நான் முதலில் சொன்ன வெல்ஸ் நகரத்துப் பறத்தல். அதற்கும் அடுத்த வருடம், 1974 நவம்பர் 4இல், கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் ‘சன்ரைஸ்’ என்ற ஆளில்லா விமானம் சூரிய ஒளியை மட்டும் நம்பி எழும்பியது. அதைச் செய்தவர்களும் மாதிரி விமான மோட்டர் செய்து விற்ற ‘ஆஸ்ட்ரோ ஃப்ளைட்’ பூஷே சகோதரர்களே. பெரிய விமானக் கம்பெனிகள் மின்சாரத்தைத் திரும்பிப் பார்க்காத வருடங்களில், பொழுதுபோக்கு என்று உலகம் ஒதுக்கி வைத்த கைகள்தான் இதைக் காப்பாற்றி வைத்தன.

காப்பாற்றினார்கள் என்று சொன்னாலும் அந்தக் காலம் கடினமான காலம். நிக்கல்-காட்மியம் செல்லில் கிலோவுக்கு 40, 50 வாட்-மணிதான். பொம்மைக் காருக்கு வந்த தகர டப்பா மோட்டரில் கரி பிரஷ் உரசித் தீப்பொறி பறக்கும். விமானம் மெதுவாக ஏறும், சில நிமிடத்தில் களைத்து இறங்கும். எஞ்சின்காரர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நம் நாட்டிலும் மாதிரி விமானம் என்றாலே எஞ்சின்தான். என்.சி.சி. ஏர் விங் மாணவர்கள் கற்ற ஏரோமாடலிங்கில் பால்சா மரமும், மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளும், காது கிழியும் சத்தமும் சேர்ந்தே வரும். பால்சா தென் அமெரிக்க மரம். கப்பலில் வர வேண்டும். எஞ்சினும் எளிதில் கிடைக்காது. சித்தூர் தாலுகாவில் ஒரு பள்ளிப் பையன் அதைக் கனவு காணலாம், கட்ட முடியாது.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விமானத்தைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள், வேறு வேலைகளுக்காகச் செய்த பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸில் ஜான் க்ரோட்டும் தனித்தனியே நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தைக் கண்டார்கள். விரல் நகம் அளவுத் துண்டு, பழைய கறுப்புக் காந்தத்தில் ஒரு பெரிய கட்டி செய்யும் வேலையைச் செய்தது. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்குகள் அதை அள்ளிக்கொண்டன, விலையும் இறங்கியது.

அடுத்து பாட்டரி. 1991இல் சோனி லித்தியம்-அயனி பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கைக்கு அடக்கமான வீடியோ கேமராவுக்காக வந்த சரக்கு அது. அதன் அடிப்படையைப் போட்ட விட்டிங்காம், குட்எனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. உலோக டப்பாவைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தாள் உறையில் அடைத்தபோது அது லித்தியம்-பாலிமர் ஆயிற்று. நாம் லைப்போ என்கிறோம். மெலிந்த கைப்பேசிக்காக மெலிந்த பாட்டரி. கிலோவுக்கு 130 வாட்-மணிக்கு மேல். 2000த்தை ஒட்டிய வருடங்களில் மாதிரி விமானக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். நிக்கல்-காட்மியத்தில் சில நிமிடம் தவித்த அதே விமானம், அதே எடைக்கு மூன்று மடங்கு சக்தியைச் சுமந்தது. டாப்லின் நாளிலிருந்து வழிமறித்த சுவர் அப்போதுதான் இடிந்தது.

மூன்றாவது மோட்டர். இங்கேதான் வைண்டிங் கடை வருகிறது. கம்ப்யூட்டரில் சிடி சுழற்றும் டிரைவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தட்டைச் சுழற்றும் மோட்டரில் கரி பிரஷ் கிடையாது. நடுவில் 9 பல் வைத்த இரும்புத் தகடு, அதில் மெல்லிய செம்புக் கம்பி, அது அசையாது. சுற்றிலும் கிண்ணம் மாதிரி ஒரு மூடி, உள்விளிம்பில் காந்த வளையம், அதுதான் சுழலும். 2000களின் தொடக்கத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் குப்பைக்குப் போகிற டிரைவுகளிலிருந்து இந்த மோட்டரைப் பிடுங்கினார்கள். காந்த வளையத்தை எடுத்துவிட்டு 12 நியோடிமியம் துண்டுகளை வட்டமாக ஒட்டினார்கள். மெல்லிய கம்பியை உருவிப் போட்டுத் தடித்த இனாமல் கம்பியைக் கையாலேயே பல்லுக்குப் பல் சுற்றினார்கள். புதுத் தண்டு, சின்ன பேரிங், முனையில் ‘ப்ராப்’ என்கிற சுழல்விசிறி. சிடி சுழற்றப் பிறந்த மோட்டர் ஒரு விமானத்தை இழுத்துக்கொண்டு ஏறியது.

வெளிக்கிண்ணம் சுழல்வதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. காந்தங்கள் நடுத்தண்டிலிருந்து தள்ளி நிற்பதால் முறுக்கு விசை கூடும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை, பெரிய ப்ராப்பை நேராகவே மாட்டலாம். இன்று கடையில் வாங்கும் ‘அவுட்ரன்னர்’ எல்லாம் இந்தக் குப்பை மோட்டரின் அமைப்பில் வந்தவைதான். சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், கூட்டினால் வேகம் குறைந்து இழுவை கூடும். 12 சுற்றில் வோல்ட்டுக்கு 1000 சுழற்சி தரும் மோட்டரை 10 சுற்றாகக் கட்டினால் 1200 ஆகும். மூன்று முனைகளை ஸ்டாராகச் சேர்த்ததை டெல்டாவாக மாற்றினால் அதே வேகம் 1.73 மடங்காகும். ஸ்டார்-டெல்டா என்ற சொல்லை நல்லேப்பிள்ளிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். பெரிய பம்பு மோட்டரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. கிணற்றடியில் நிற்பதும் மூன்று ஃபேஸ்தான், மேலே பறப்பதும் மூன்று ஃபேஸ்தான்.

கரண்ட் கம்பத்திலிருந்து மூன்று ஃபேஸ் தானாக வருகிறது. பாட்டரியிலோ இரண்டே முனை. அதை மூன்றாக மாற்றிக் கொடுப்பது ஈ.எஸ்.சி. என்ற சிறு பலகை. மூன்று கம்பியில் ஒரு நேரத்தில் இரண்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, சும்மா இருக்கும் மூன்றாவதில் காந்தம் கடக்கும்போது எழும் மின்னழுத்தத்தைக் கவனித்து, காந்தம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, அடுத்த ஜோடிக்கு மாற்றும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. சிப் விலை இறங்கியதால்தான் இந்த மூளை 25 கிராமுக்குள் அடங்கியது.

ரேடியோவின் கதையும் இப்படியே. பழைய செட்டுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு கிரிஸ்டல், ஒரு அலைவரிசை. மைதானத்தில் ஒரே சேனலில் இரண்டு பேர் சுவிட்ச் போட்டால் ஒருவர் விமானம் மண்ணில். அதனால் யார் எந்தச் சேனலில் பறக்கிறார் என்று கிளிப் மாட்டிக் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் இணைப்புக்காகப் பெருகிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இந்தத் தொல்லை ஒழிந்தது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று ‘பைண்ட்’ செய்துகொண்டு, அலைவரிசையில் தாவித் தாவிப் பேசிக்கொள்ளும். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு 2005இல் உரிமம் தேவையில்லை என்று ஆயிற்று. நம் பக்கத்துப் பையன்களுக்கு வானம் திறந்ததில் அந்த அறிவிப்புக்கும் பங்கு உண்டு.

உடம்பு? பால்சாவின் இடத்தை ஃபோம் பிடித்தது. தெர்மோகோல், டெப்ரான், பெட்டிக்குள் பொருள் உடையாமல் இருக்க வைக்கும் வெள்ளைப் பஞ்சுப் பலகை. மின் மோட்டரில் எண்ணெய் சிந்தாது, அதிர்வு குறைவு. அதனால் இந்த மெல்லிய உடம்பு தாங்குகிறது. எஞ்சின் காலத்தில் இதெல்லாம் எண்ணெயில் ஊறி, அதிர்ந்து கிழிந்திருக்கும்.

இப்போது நல்லேப்பிள்ளியில் ஒரு விமானம் கட்டும் கணக்கைப் பார்க்கலாம். இறக்கை நீளம் 1 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். 2212 என்று எண் போட்ட 1000 கே.வி. (வோல்ட்டுக்கு 1000 சுழற்சி) மோட்டர், எடை 50 கிராம் சுமார். 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. மூன்று செல் லைப்போ, 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி, எடை 180 கிராம் போல. துடுப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு. 10 அங்குலம் விட்டமும், ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமான பிட்ச் 4.5 அங்குலமும் உள்ள ப்ராப். சர்வோவிலிருந்து வால் துடுப்புக்குப் போகும் கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் போதும். எல்லாம் சேர்த்து 800 கிராமுக்குள் நிற்கும். அந்த 50 கிராம் மோட்டர் வாங்கும் சக்தி 150 வாட். இதுபோல் ஐந்து சேர்ந்தால், கால் கிலோ எடையில், ஒரு குதிரைத் திறனுக்குரிய மின்சாரத்தை விழுங்கிவிடும். கிணற்றுக்குள் இரண்டு பேர் பிடித்து இறக்கிய மோனோபிளாக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டரியின் மேல் 25சி என்று போட்டிருந்தால் 2.2 ஆம்பியரை 25ஆல் பெருக்க வேண்டும். 55 ஆம்பியர் வரை கேட்டால் கொடுக்கும். நமக்குத் தேவை 15ஐத் தாண்டாது. 80 சதவீதம் மட்டும் செலவழிப்பதாக வைத்தால் 1.76 ஆம்பியர்-மணி, சராசரி 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம். ஏழாவது நிமிடத்தில் டைமர் அடிக்கும்படி வைப்பது நல்லது. ப்ராப் நிமிடத்துக்கு 7,500 சுழன்றால், 4.5 அங்குலப் பிட்ச்சுக்கு, மணிக்கு 51 கிலோமீட்டருக்கு மேல் அதால் காற்றைத் தள்ள முடியாது. இந்தக் கணக்கு இங்கே மிக முக்கியம். நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயில். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை திறந்து கிடக்கிறது. காற்று முழுவதும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டது சும்மா இல்லை. மார்கழி, தை மாதத்துக் கிழக்குக் காற்றில் 800 கிராம் ஃபோம் விமானம் முழு வேகத்தில் போயும் ஒரே இடத்தில் நிற்கும். திருப்பினால் கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த வயலுக்கு மேல் போய்விடும். வெயில் ஏறுவதற்கு முன், பனை ஓலை அசையாத நேரம்தான் முதல் பறத்தலுக்கு உகந்தது.

கட்டும் பையன்கள் எப்போதும் தடுமாறும் இடம் சி.ஜி. என்கிற எடை மையம்.

“பாட்டரிய இன்னும் முன்னாடி தள்ளுனா மூக்கு கனக்குதுங்ண்ணா.”

“கனக்கட்டும் தம்பி. மூக்கு கனத்தா மெதுவாப் பறக்காது, அவ்வளவுதான். வால் கனத்தா திரும்பி வராது.”

இறக்கையின் முன் ஓரத்திலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஈயத்துண்டு ஒட்டாமல், பாட்டரியை நகர்த்தியே சரிசெய்ய வேண்டும். சின்ன விமானத்தில் ஒரு கிராமும் சும்மா ஏறக்கூடாது. மிலிட்கி ரேடியோவையே விட்டுவிட்ட அதே நியாயம்தான்.

லைப்போவிடம் பயமும் வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3.3க்குக் கீழே இறங்கக்கூடாது. மூன்று செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் போட வேண்டும். உப்பிய பாட்டரியைத் தொடவே கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது கூடவே கூடாது. தீப்பிடித்தால் கூரையோடு போகும். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்தால் வெகுநாள் உழைக்கும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2021ஆம் வருட ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. தொழிலுக்காக அல்லாமல் பறக்கவிட்டால் இந்த இரண்டுக்கும் பைலட் உரிமம் வேண்டாம். ஆனாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் வயல் அனுமதி தேவைப்படாத பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பறக்க வேண்டும். பச்சையிலும் 400 அடிக்கு மேல் ஏறக்கூடாது.

இந்த மோட்டரும் பாட்டரியும் பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. நான்கு அவுட்ரன்னரை ஒரு சட்டகத்தில் மாட்டியபோது ட்ரோன் பிறந்தது. பாலக்காட்டு நெல் வயலில் நுண்ணூட்டம் தெளிக்க வரும் ட்ரோனின் கைகளில் சுழல்வது அந்தச் சிடி மோட்டரின் பெரிய தம்பிகள்தான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா குழு உருவாக்கிய ஆளில்லா விமானங்களும் இதே வழியில் வந்தவை. 1949இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில்தான் அப்துல் கலாம் வானூர்தியியல் படித்தார். பெரிய விமானமும் மெல்ல வருகிறது. 2020 ஜூனில் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற இருவர் விமானம் ஐரோப்பாவில் முழுச் சான்றிதழ் பெற்றது. மின் விமானத்தில் அதுவே முதல். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பறக்கும். பாட்டரியின் கனம்தான் இன்னும் வழியில் நிற்கிறது. 1960இல் மாதிரி விமானம் நின்ற இடத்தில் இன்று பெரிய விமானம் நிற்கிறது.

இதைத் தாண்டப் போகும் பிள்ளைகள் இந்தப் பக்கத்திலிருந்தும் வரவேண்டும் என்று எனக்கு மெய்யான ஆசை. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியிலும் மலையாளவழியிலும் படிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டலைப் படிக்கிறார்கள். படம் வரைந்து மதிப்பெண் வாங்கி முடித்துவிடுகிறார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையின் மூலையில் ஓடாத சிடி டிரைவுகள் தூசி படிந்து கிடக்கும். ஆய்வகத்துக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொடுங்கள். 12 நியோடிமியம் துண்டு, கொஞ்சம் இனாமல் கம்பி வாங்கிக் கொடுங்கள். ஒரு நாள் ஊர் வைண்டிங் கடைக்காரரைப் பள்ளிக்கு அழைத்து, ஒன்பது பல்லில் கம்பி எப்படி ஏற வேண்டும் என்று பிள்ளைகள் முன்னால் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.